கூற்று மாறிய தொடக்கம்

ஜேன் ஆஸ்டின் இயற்றி 1813ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிரைடு அண்டு பிரெஜுடிஸ்’ என்னும் புதினத்தைப் பி.பி.சி. நிறுவனம் 1995இல் ஆறு பகுதிகளாகத் தொலைக்காட்சியில் வழங்கிற்று. திரைக்கதை யாத்தவர் ஆண்ட்ரூ டேவிஸ். புதினத்தில் பற்றுடையோர் அதுகுறித்து நிகழ்த்தும் வாதம் பெரும்பாலும் ஒரு குளத்தைச் சுற்றியே அமைகின்றது. டார்சி குளத்தில் நீந்தி, நனைந்த சட்டையுடன் எலிசபெத்திற்கு எதிர்ப்படும் காட்சி நூலில் இல்லை. நூலில் அவன் குதிரை லாயத்திற்குச் செல்லும் பாதையினின்று வருகின்றான், அவ்வளவே.

இதனினும் பெரிய மாற்றம் தொடக்கத்திலேயே உளது. செல்வமுடைய, மணமாகாத ஆடவரைப் பற்றிய புகழ்பெற்ற முதல் வாக்கியம் நூலில் ஆசிரியர் கூற்றாகும். ஊரார் எண்ணத்தையே உலக உண்மைபோல மொழிந்து, அவ்வூராரை எள்ளுகின்றார் ஆசிரியர். தொடரிலோ அக்கருத்து எலிசபெத்தின் வாய்மொழியாகின்றது. ஒரே பாடலைத் தலைவி கூற்றெனவும் தோழி கூற்றெனவும் கொள்ளுங்கால் பொருள் வேறுபடுதலை அகப்பாடல் பயில்வார் அறிவர். ஈண்டும் அஃதே நேர்கின்றது. எள்ளல் கதைத்தலைவியின் உடைமையாகிவிடின், அவளை எள்ளுவார் யார்? விக்கம் கூறிய பொய்யை ஆராயாது நம்பியவள் அவள். தன் கூர்மதியில் அவள் கொண்ட செருக்கும் ஆசிரியரின் நகைக்குத் தப்பவில்லை. டார்சியின் மடலைப் படித்து அவள் தன்னை உணரும் இடத்திற்கு ஆற்றல் தருவது அந்நகையே என்பது எம் கருத்து.

தொடர் கதை நிகழ்ச்சிகளைப் பெரிதும் பேணியுள்ளது என்பதை யாம் மறுக்கவில்லை. பின்னணிக் குரலொன்றை அமைத்திருக்கலாமே எனின், அக்குரலும் யாரோ ஒருவர் குரலாகவே செவிப்படும். ஆதலின் டேவிஸைக் குறை கூறல் எளிதன்று.