வீட்டுத் தோட்டத்தில் மரு

மரு என்பது துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த வாசனைச் செடி. சைப்ரஸும் தெற்குத் துருக்கியும் இதன் தாயகம். ஓரடி முதல் இரண்டடி வரை வளரும். தமிழ்நாட்டில் கதம்பத்தில் சேர்த்துக் கட்டும் தழையாகவே பலருக்குத் தெரியும்; ஐரோப்பாவில் இது சமையலறைச் செடி. பூக்கடையில் பக்கத்திலேயே கிடக்கும் மரிக்கொழுந்து வேறு இனம். அதன் இலை கீறல் கீறலாகப் பிளந்திருக்கும்; மருவின் இலை பிளவில்லாத முட்டை வடிவம், மேலே சாம்பல் பூத்தாற்போல் மென்மயிர்.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இலைப்பரப்பில் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் தெரியும். விரலால் கசக்கும்போது அவை உடைவதால்தான் மணம் எழுகிறது. நல்ல வெயிலில் வளர்ந்த செடியில் மணம் கூடுதல். நிழலில் வளர்ந்தது நெடுநெடுவென்று நீண்டு சோடை போகும். நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் இடமே ஏற்றது.

விதை தூசி போல இருக்கும். மணலோடு கலந்து தூவி, மேலே மண்ணால் தடிப்பாக மூடாமல் விட்டால் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். பொறுமை இல்லாதவர்களுக்குத் தண்டு வெட்டி நடுவதே நல்லது. பூக்காத கிளையில் நான்கு அங்குலம் நறுக்கி, அடி இலைகளை உருவிவிட்டு ஈரமணலில் ஊன்றினால் சுமார் ஒரு மாதத்தில் வேர்பிடிக்கும்.

மரு பெரும்பாலும் சாவது வாட்டத்தால் அல்ல, தண்ணீரால். தொட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். செம்மண்ணோடு மணலும் கொஞ்சம் மட்கிய எருவும் போதும். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். அடைமழைக் காலத்தில் தொட்டியைக் கூரை ஓரத்துக்கு நகர்த்தாவிட்டால் வேர் அழுகிவிடும். உரத்தை அள்ளிப் போட்டால் தழை பெருகும், மணம் குறையும்.

செடி அரையடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். கிளை நுனிகளில் பச்சை முடிச்சுகள் போல மொட்டுகள் திரண்டு, பூ விரியாமல் இருக்கும் தறுவாயே அறுவடைக்குச் சரியான நேரம். எண்ணெய் அப்போது மிகுந்திருக்கும். காலையில் பனி உலர்ந்ததும், வெயில் ஏறுமுன் அறுப்பது வழக்கம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் விட்டால் மறுபடி தழைக்கும்.

அறுத்ததைச் சிறு கட்டுகளாக்கி, காற்றோட்டமுள்ள நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். சருகானதும் இலைகளை உருவிக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வைத்தால் ஓராண்டு வரை பயன்படும். இரண்டு மூன்று ஆண்டில் தண்டு கட்டையாகி இலை சிறுக்கும். அதற்கு முன்பே புதுத் தண்டு ஊன்றிவிடுங்கள்.