பிள்ளைக்கறி கேட்ட அடியார்... சம்பந்தர் சொல்லாத கதை பெரியபுராணத்துக்கு வந்தது எப்படி?

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உற்சவத்தில் அறுபத்து மூவர் வீதியுலா வருவார்கள். அவர்களில் ஒருவரான சிறுத்தொண்டரின் கதையைக் கேட்டால் பெரியவர்களுக்கே குலைநடுங்கும்.

பைரவர் கோலத்தில் விருந்துக்கு வந்த சிவன், ஐந்து வயது ஒற்றைப் பிள்ளையின் கறி வேண்டும் என்கிறார். தாய் பிடித்துக்கொள்ள, தந்தை அரிய வேண்டும். இருவர் மனமும் கலங்கக் கூடாது! பள்ளியிலிருந்து வந்த மகன் சீராளனைக் குளிப்பாட்டி, அப்படியே செய்கிறார்கள். ‘தலைக்கறி எங்கே?’ என்கிறார் விருந்தாளி. அதையும் பணிப்பெண் தனியே சமைத்து வைத்திருக்கிறார். கடைசியில், ‘உன் மகனையும் சாப்பிடக் கூப்பிடு’ என்கிறார். வாசலில் நின்று அழைத்தால், சீராளன் ஓடி வருகிறான்.

கிரேக்கத்திலும் இதே விருந்து உண்டு. டான்டலஸ் மன்னன், மகன் பெலாப்ஸை வெட்டிச் சமைத்துத் தெய்வங்களுக்குப் பரிமாறினான். டிமீட்டர் தேவி தெரியாமல் தோளைத் தின்றுவிட, உயிர்பெற்ற பிள்ளைக்குத் தந்தத்தில் தோள் வைத்தார்களாம். அங்கே அது தெய்வத்தைச் சோதித்த குற்றம்; இங்கே கேட்டதே தெய்வம். கி.மு. 476-ல் பிண்டார் என்ற கவிஞர், ‘தெய்வம் நரமாமிசம் தின்னுமா? பொறாமைக்காரர்கள் கட்டிவிட்ட கதை’ என்று அதை மாற்றியே பாடிவிட்டார்.

தமிழில் நடந்தது நேரெதிர். சிறுத்தொண்டரின் இயற்பெயர் பரஞ்சோதி. மன்னனுக்காக வாதாபியை அழித்த படைத்தலைவர். 642-ல் காஞ்சிப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் நடத்திய போர் அது என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அவருடைய ஊர் திருவாரூர் பக்கம் உள்ள திருச்செங்காட்டங்குடி. அங்கே சம்பந்தர் பாடிய பதிகத்தில் சிறுத்தொண்டர் இருக்கிறார், பிள்ளைக்கறி இல்லை. சுந்தரர் பாட்டிலும் பெயர் மட்டும்தான். பின்னால் வந்த நம்பியாண்டார் நம்பி பாடும்போதுதான் பிள்ளை வெட்டுப்படுகிறான். 12-ம் நூற்றாண்டில் குன்றத்தூர் சேக்கிழார் அதை அடுப்படி வரை விரித்து எழுதினார்.

ஆக, பயங்கரம் பிறகு சேர்ந்தது. ஏன்? அடியாருக்குச் சோறிடாமல் சாப்பிடுவதில்லை என்பது சிறுத்தொண்டரின் விரதம். அந்த விரதம் எவ்வளவு தூரம் போகும் என்று காட்ட, பொன்னும் பொருளும் கவிஞர்களுக்குப் போதவில்லை போலும். இத்தனை போர் பார்த்தவரின் கதையில் நெஞ்சை உறைய வைக்கும் இடம் சமையலறைதான்!

கதை அங்கேயும் நிற்கவில்லை. தெலுங்கில் ஸ்ரீநாதரின் ‘ஹரவிலாசம்’ சிறுத்தொண்டரை வணிகராக்கி, காஞ்சியிலேயே குடிவைத்துவிட்டது. திருச்செங்காட்டங்குடியில் சித்திரை பரணி அன்று இப்போதும் அமுது படையல் நடக்கிறது. பிள்ளை வரம் வேண்டுபவர்கள் வரிசையில் நின்று அந்தப் பிரசாதத்தை வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.