நோட்டரி ஆவது எப்படி? முத்திரைக்குப் பின்னால் இருக்கும் தகுதியும் வரம்பும்

புதுடெல்லி: பெயர் மாற்றம், வாடகை ஒப்பந்தம், வெளிநாட்டுக் கல்விக்கான சான்றிதழ் நகல் என ஏதேனும் ஒரு தேவைக்கு நோட்டரியின் முத்திரை பெறாத குடும்பம் அரிது. அந்த முத்திரையை வைக்கும் அதிகாரம் யாருக்கு, எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதும், அதன் சட்ட மதிப்பு எதுவரை செல்லும் என்பதும் பலர் அறியாதவை.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் பணியாற்றிய நோட்டரிகளுக்கு இங்கிலாந்திலிருந்தே நியமனம் கிடைத்தது. அதிலும் கேண்டர்பரி பேராயரின் அதிகாரத்தின் கீழ் இயங்கிய ஒரு சமயத் தீர்ப்பாயமே அதை வழங்கியது. விடுதலைக்குப் பின்னும் இந்த நடைமுறை தொடர்வது பொருந்தாது என்பதால் நோட்டரிகள் சட்டம் 1952-இல் இயற்றப்பட்டது. அது 1956 பிப்ரவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் நோட்டரிகள் விதிகளும் வகுக்கப்பட்டன.

இச்சட்டப்படி நோட்டரியை மத்திய அரசும் நியமிக்கலாம், மாநில அரசும் நியமிக்கலாம். மாநில அரசு நியமிப்பவர் அம்மாநிலத்துக்குள் மட்டுமே செயல்பட முடியும். மத்திய அரசு நாடு முழுவதற்குமோ ஏதேனும் ஒரு பகுதிக்கோ நியமிக்கலாம். எந்தப் பகுதி என்பது சான்றிதழிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும்.

விண்ணப்பிப்பவர் வழக்கறிஞராகக் குறைந்தது 10 ஆண்டுகள் தொழில் புரிந்திருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பெண்கள் ஆகியோருக்கு 7 ஆண்டுகள் போதுமானது. இந்தியச் சட்டப் பணியைச் சேர்ந்தவர்களுக்கும், நீதித்துறைப் பணியில் உரிய காலம் இருந்தவர்களுக்கும் தனி வழி உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் படிக்காத ஒருவரும் எளிய விண்ணப்பத்தின் மூலம் நோட்டரி ஆகிவிட முடியும். இந்தியாவில் அப்படியில்லை.

தகுதி இருந்தாலே பதவி கிடைத்துவிடும் என்றும் கருத முடியாது. ஒவ்வொரு மாநிலத்திலும் எத்தனை நோட்டரிகள் இருக்கலாம் என்பதற்கு விதிகளின் அட்டவணையில் உச்சவரம்பு உண்டு. தமிழ்நாட்டில் மத்திய அரசு நியமிக்கும் நோட்டரிகளுக்கான வரம்பு 2025 அக்டோபரில் 2,500-இலிருந்து 3,500 ஆக உயர்த்தப்பட்டது. குஜராத், ராஜஸ்தான், நாகாலாந்து ஆகியவற்றுக்கும் அப்போது வரம்பு உயர்ந்தது. தகுதி பெற்ற வழக்கறிஞர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதற்கு இந்த வரம்பும் ஒரு காரணம். சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். காலாவதியாவதற்கு 6 மாதங்களுக்கு முன்பே புதுப்பித்தலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் நோட்டரிகளுக்கான இணையதளம் 2024 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பின் இந்தப் பணிகள் இணையவழிக்கு மாறியுள்ளன.

ஆவணத்தில் கையெழுத்திட்டதைச் சான்றுறுதி செய்தல், உறுதிமொழி ஏற்கச் செய்து பிரமாணப் பத்திரம் பெறுதல், மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தல், பணம் மறுக்கப்பட்ட உண்டியல் அல்லது மாற்றுச் சீட்டு குறித்துப் பதிவு செய்தல் ஆகியவை நோட்டரியின் முக்கியப் பணிகள். தம் முன் நேரில் வந்தவர் இன்னார்தான் என்று அறிந்து, அவர் கையெழுத்திடுவதைக் கண்டதற்கான சாட்சியே அந்த முத்திரை. ஆளைப் பார்க்காமல், முன்கூட்டியே முத்திரையிட்ட தாளை நீட்டுவது இப்பணியின் உயிரையே பறிப்பதாகும். ஒவ்வொரு பணியும் பதிவேட்டில் ஏற வேண்டும். முந்தைய ஆண்டின் கணக்கை ஜனவரி முதல் வாரத்தில் அரசுக்கு அனுப்ப வேண்டும். கட்டண விவரத்தை அலுவலகத்தில் பார்வைக்கு வைப்பதும் கட்டாயம்.

மக்கள் அதிகம் ஏமாறுவது இம்முத்திரையின் எல்லையை அறியாததால்தான். ஆணும் பெண்ணும் முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு நோட்டரியிடம் சான்று பெற்றால் அது திருமணம் ஆகாது. அவ்வாறே மணவிலக்கும் ஆகாது. நோட்டரி திருமணப் பதிவு அலுவலர் அல்லர் என்பதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய பத்திரங்களைத் தயாரிக்கக் கூடாது என மத்திய சட்ட விவகாரத் துறை 2024 அக்டோபரில் எச்சரித்தது. அத்தகைய தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் திருமணம் சட்டப்படி நீடிக்கும். வாரிசுரிமை, ஜீவனாம்சம் என எல்லாம் சிக்கலாகும்.

நிலத்திலும் இதே கதைதான். 100 ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே நடக்க வேண்டும். நோட்டரி சான்றளித்த ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பவர் அந்த நிலத்தின் உரிமையாளர் ஆகிவிட மாட்டார்.

நோட்டரி எனப் பொய்யாகக் கூறிக்கொள்பவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் இச்சட்டத்தின் கீழ் ஒரு நோட்டரி செய்த குற்றத்தை, அரசு அதிகாரமளித்த அலுவலர் எழுத்துமூலம் புகார் அளித்தால் மட்டுமே நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கும். நேர்மையான நோட்டரிக்கு இது காப்பு, பாதிக்கப்பட்டவருக்கோ தடை. எனினும், தொழில்முறைத் தவறு குறித்து உரிய படிவத்தில் அரசிடம் எவரும் புகார் அளிக்கலாம். விசாரணையில் தவறு உறுதியானால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படலாம். பணியில் உள்ள நோட்டரிகளின் பட்டியலை அரசு ஆண்டுதோறும் ஜனவரியில் அரசிதழில் வெளியிட வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. முத்திரையில் உள்ள பெயர் குறித்து ஐயம் எழுந்தால் அந்தப் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.