தள்ளுபடி விலையும் நுகர்வோர் உரிமையும்

கடைகள் அறிவிக்கும் தள்ளுபடிகளும் வாடிக்கையாளருக்கு வழங்கும் வெகுமதிப் புள்ளிகளும் குடும்பச் செலவைக் குறைக்கப் பெரிதும் உதவுகின்றன. தள்ளுபடி வழங்குமாறு எந்த வணிகரையும் சட்டம் வற்புறுத்துவதில்லை. ஆயினும், வழங்குவதாக அறிவித்தபின் அவ்வறிவிப்பு உண்மையாக இருத்தல் வேண்டும் என்பதே 2011 சனவரி 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையிலுள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் நிலைப்பாடு. தள்ளுபடியால் குறைவது விலை மட்டுமே. வாங்குபவரின் உரிமை குறைவதில்லை.

‘முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு’

‘முன்பு 200 டொலர், இப்போது 120 டொலர்’ என ஒரு கடை அறிவித்தால், அப்பொருள் விலைக்குறைப்புக்குச் சற்று முன்னர் நியாயமான காலத்துக்கு 200 டொலருக்கு விற்பனையில் இருந்திருத்தல் வேண்டும். இத்தனை நாள் என்று சட்டம் வரையறுக்கவில்லை. பொருளின் தன்மையையும் சந்தை நிலையையும் கருத்திற்கொண்டே அது தீர்மானிக்கப்படும். விலை குறித்துத் தவறான எண்ணத்தை ஏற்படுத்துவது சட்டமீறலாகும்.

2024 செப்டம்பரில், இரு பெரும் பேரங்காடி நிறுவனங்களுக்கு எதிராக அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. சில பொருள்களின் விலையைச் சிறிது காலம் உயர்த்தி, பின்னர் பழைய விலைக்குச் சமமான அல்லது அதனிலும் கூடிய விலையையே விலைக்குறைப்பாக அவை காட்டின என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு.

இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்க, பெரிய பேரங்காடிகளின் விலைச்சீட்டில் சிறிய எழுத்தில் காணப்படும் அலகு விலையை ஒப்பிடுதல் நன்று. 500 கிராம் பருப்பு 4 டொலர், ‘சிறப்பு விலை’யில் 1 கிலோகிராம் 9 டொலர் எனில், 100 கிராமின் விலை முறையே 80 சதமும் 90 சதமும் ஆகும். இங்கு சிறப்பு விலையே கூடிய விலையாகும்.

ஒரே பொருளுக்கு இரு விலைகள் காட்டப்பட்டிருந்தால், கடை அதனைக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும்; அல்லது விலையைத் திருத்தும் வரை விற்பனையிலிருந்து விலக்க வேண்டும்.

தள்ளுபடியில் வாங்கிய பொருள் பழுதானால்

‘தள்ளுபடிப் பொருள்களுக்குப் பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற அறிவித்தலுக்குச் சட்டத்தில் இடமில்லை. பழுது பாரதூரமானதாயின் பணத்தை மீளப்பெறுவதா, மாற்றுப்பொருள் பெறுவதா என்பதை வாங்கியவரே தெரிவு செய்யலாம். சிறு பழுதாயின் கடை அதனைத் திருத்தித் தரலாம். பற்றுச்சீட்டு தொலைந்திருப்பின் வங்கி அட்டைக் கணக்கறிக்கையும் சான்றாகும். எனினும், விற்பனைக்கு முன் சுட்டிக்காட்டப்பட்ட குறைக்கோ, வாங்கியவர் மனம் மாறியதற்கோ இவ்வுரிமை பொருந்தாது.

வெகுமதிப் புள்ளிகளும் பரிசு அட்டைகளும்

வெகுமதித் திட்டத்தில் சேர்வது ஓர் ஒப்பந்தத்தை ஏற்பதாகும். நிறுவனம் முன்கூட்டியே எழுதிவைத்த ஒப்பந்தத்தில் நியாயமற்ற நிபந்தனை இருப்பதாக நீதிமன்றம் கண்டால், அந்நிபந்தனை செல்லாது. 2023 நவம்பர் 9 முதல் அத்தகைய நிபந்தனையைச் சேர்ப்பதற்கே தண்டப்பணம் விதிக்கப்படலாம். புள்ளிகளின் மதிப்பை நிறுவனம் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள இடமளிக்கும் நிபந்தனைகள் இவ்வகையில் கேள்விக்குள்ளாகலாம். ஆதலால் சேருமுன் மூன்று செய்திகளை அறிதல் வேண்டும்: புள்ளிகள் எப்போது காலாவதியாகும், எவ்வளவு காலம் அட்டையைப் பயன்படுத்தாவிடின் அவை அழியும், வாங்கும் பழக்கம் பற்றிய தகவல் எவருடன் பகிரப்படும்.

2019 நவம்பர் 1 முதல் பணம் கொடுத்து வாங்கப்படும் பரிசு அட்டைகள் பொதுவாகக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். வெகுமதித் திட்டத்தின் கீழ் கிடைக்கும் அட்டைகளுக்கும் விற்பனை ஊக்குவிப்பாக இலவசமாகத் தரப்படும் அட்டைகளுக்கும் இவ்விதி பொருந்தாது. அவற்றின் முடிவுத் திகதியைத் தனியே கவனித்தல் அவசியம்.

முறைப்பாடு செய்யும் வழி

முதலில் கடையின் முகாமையாளரிடம் பேசி, தீர்வு கிட்டாவிடின் எழுத்தில் முறையிடுதல் நன்று. விளம்பரத்தையும் விலைச்சீட்டையும் படமெடுத்து வைத்திருப்பது பின்னர் உதவும். அதன்பின் நியூ சவுத் வேல்ஸ் நியாய வணிகத் திணைக்களத்தை 13 32 20 என்ற இலக்கத்தில் அணுகலாம். தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் சேவையை அழைத்து, திணைக்களத்துடன் இணைக்குமாறு கேட்கலாம். அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் தகவல்களைப் பெற்றுக்கொள்ளுமாயினும் தனிப்பட்ட பிணக்குகளைத் தீர்த்து வைப்பதில்லை. திணைக்களத்தின் முயற்சியாலும் இணக்கம் ஏற்படாவிடின், மாநிலக் குடியியல் மற்றும் நிருவாகத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம்.