நுவொக் சாம்

நுவொக் சாம் என்பது வியட்நாமியர் தம் உணவுடன் தொட்டுக்கொள்ளும் நீர்த்த சாறு ஆகும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு ஆகிய நான்கு சுவைகளும் இதில் ஒருங்கே அமைந்துள்ளன. வியட்நாமிய மொழியில் நுவொக் என்பது நீரையும், சாம் என்பது தொட்டுக்கொள்வதையும் குறிக்கும். மீன்சாறு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, நீர், பூண்டு, மிளகாய் ஆகியவற்றைக் கலந்து இதனைச் செய்வர். நீரைச் சற்றுச் சூடாக்குவதைத் தவிர இதற்குச் சமைத்தல் என்று எதுவும் இல்லை. தமிழர் வாழும் பகுதிகளுள் புதுச்சேரிக்கு இச்சாற்றுடன் நெடுநாள் தொடர்பு உண்டு.

புதுச்சேரியும் வியட்நாமும்

பிரான்சு 1859-இல் சைகோன் நகரைக் கைப்பற்றியது. 1862-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தென் வியட்நாமின் ஒரு பகுதி கொச்சின்சீனா என்னும் பெயரில் பிரெஞ்சுக் குடியேற்ற நாடானது. அந்நாட்டின் நிருவாகத்திற்கு எழுத்தர்கள், காவலர்கள், வரி தண்டுவோர், படைவீரர்கள் தேவைப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் இருந்து தமிழர் பலர் இப்பணிகளுக்குச் சென்றனர். தம் சமய, சாதி வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்போருக்கு 1881-ஆம் ஆண்டு ஆணை வழி செய்தது. அவ்வாறு துறந்தவர்களுக்குக் கொச்சின்சீனாவில் வேலைவாய்ப்பு கூடுதலாக இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கு வட்டித்தொழில் நடத்தினர். தமிழ் முசுலிம்கள் துணி வணிகம் செய்தனர். சைகோனில், அதாவது இன்றைய ஓ சி மின் நகரில், தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

1954-இல் பிரெஞ்சு ஆட்சி இந்தோசீனாவிலும் புதுச்சேரியிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முடிவுக்கு வந்தது. அதன் பின்னரும், 1975-இல் சைகோன் வீழ்ந்தபோதும், குடும்பங்கள் பல அங்கிருந்து வெளியேறின. சில பிரான்சுக்கும் சில புதுச்சேரிக்கும் சென்றன. வியட்நாமியப் பெண்களை மணந்தவர்களின் வீடுகள் வழியே சா யோ எனப்படும் பொரித்த சுருள் புதுச்சேரிக்கு வந்தது. பிரெஞ்சு வழக்கில் இதற்கு நெம் என்று பெயர். அரிசித்தாளில் இறைச்சி, கண்ணாடிச் சேமியா, காளான் முதலியவற்றை வைத்துச் சுருட்டிப் பொரிப்பதே சா யோ ஆகும். இதனைக் கீரை, புதினா இலைகளில் பொதிந்து நுவொக் சாமில் தோய்த்து உண்பர். சாறு சரியில்லை என்றால் சுருளின் எண்ணெய்ப் பிசுக்கே நாவில் நிற்கும்.

மீன்சாறு

இச்சாற்றின் அடிப்படைப் பொருள் நுவொக் மாம் எனப்படும் மீன்சாறு ஆகும். ஏறத்தாழ மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என அடுக்கி, பெரிய மரத்தொட்டிகளில் ஓராண்டு அளவுக்கு விட்டுவைப்பர். மீனின் குடலில் உள்ள நொதியங்கள் புரதத்தைச் சிதைத்து அமினோ அமிலங்களாக்குகின்றன. அவற்றுள் ஒன்றான குளூட்டாமிக் அமிலமே மீன்சாற்றின் சுவைக்கு முதன்மைக் காரணம். 1908-இல் யப்பானிய வேதியியலாளர் இக்கேடா இச்சுவைக்கு உமாமி எனப் பெயரிட்டார். வியட்நாமின் பூ குவோக் தீவும் பான் தியெத் நகரும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. பூ குவோக் மீன்சாற்றுக்கு 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பிடக் காப்பு வழங்கியது.

இதற்குப் பயன்படும் மீன் தமிழகக் கடற்கரையிலும் புதுச்சேரியிலும் நன்கு அறியப்பட்ட நெத்திலி வகையே ஆகும். இங்கு நெத்திலியை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கி நீரை வெளியேற்றுகின்றனர். அங்கு அந்நீரையே பொருளாகக் கொள்கின்றனர். கருவாட்டுக் குழம்பு உண்டு பழகியவர்களை மீன்சாற்றின் வாடை அவ்வளவாக மிரட்டுவதில்லை.

மீன்சாற்றை வீட்டில் செய்ய முயல்வது பரிந்துரைக்கத்தக்கதன்று. உப்பின் அளவு குறைந்தாலோ மீன் புதிதாக இல்லாவிட்டாலோ இசுடமின் என்னும் பொருள் மிகுதியாக உருவாகும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. உடல் சிவத்தல், தலைவலி, படபடப்பு போன்றவை இந்நச்சுமையின் அறிகுறிகள். எனவே மீன்சாற்றைப் புட்டியில் வாங்கி, நுவொக் சாமை மட்டும் வீட்டில் செய்வதே முறை.

செய்முறை

நான்கு அல்லது ஐந்து பேருக்குத் தேவையானவை: மீன்சாறு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை ஆகிய ஒவ்வொன்றும் 3 மேசைக்கரண்டி, வெந்நீர் 150 மில்லிலீட்டர், பூண்டு 2 பல், சிறிய காரமிளகாய் 1 அல்லது 2.

முதலில் சர்க்கரையை வெந்நீரில் முழுதும் கரைத்து ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்தால் அதன் மணம் போய்விடும். ஆறியபின் எலுமிச்சைச் சாற்றைக் கலந்து சுவைத்துப் பார்த்தல் நன்று. அது இந்நிலையில் சற்றுத் தித்திப்பான எலுமிச்சைச் சர்பத்தைப் போன்று இருக்க வேண்டும். பின்னரே மீன்சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மீன்சாறுகளின் உப்பளவு புட்டிக்குப் புட்டி வேறுபடுவதால் மூன்று கரண்டியையும் ஒருசேர ஊற்றுவது தவறாகிவிடும். உப்பு மிகுந்தால் திருத்துவதற்கு மற்ற எல்லாவற்றையும் கூட்ட வேண்டி வரும்.

பூண்டையும் மிளகாயையும் பொடியாக நறுக்கி இறுதியில் சேர்ப்பர். பூண்டை நசுக்கியதும் அதிலுள்ள நொதியம் செயற்பட்டு அல்லிசின் என்னும் நெடிப்பொருளை உண்டாக்குகிறது. புளிப்பான நீரில் அந்நொதியம் அடங்கிவிடும். ஆகவே நெடி வேண்டுவோர் பூண்டை நசுக்கிச் சில நிமிடங்கள் வைத்திருந்து சேர்க்கலாம். நெடி வேண்டாதோர் நறுக்கியவுடன் எலுமிச்சைச் சாற்றில் இடலாம். சில வேளைகளில் பூண்டு நீலப்பச்சையாக மாறுவதுண்டு. அது பூண்டின் கந்தகச் சேர்மங்களால் நிகழ்வது, தீங்கற்றது.

வியட்நாமில் சிலர் நீருக்கு மாற்றாக இளநீர் சேர்க்கின்றனர். மெல்லியதாகச் சீவிய முள்ளங்கி, மஞ்சள் முள்ளங்கி ஆகியவற்றைச் சாற்றில் மிதக்கவிடுவதும் உண்டு.

சர்க்கரையும் வெல்லமும்

வெள்ளைச் சர்க்கரை சேர்த்த சாறு தெளிவாக இருக்கும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் கரும்பு விளையும் பகுதிகளாகும். வில்லியனூர் கொம்யூனில் உள்ள அரியூர் சர்க்கரை ஆலையால் அறியப்பட்ட ஊர். இத்தகைய பகுதிகளில் எளிதில் கிடைக்கும் வெல்லத்தைக் கொண்டும் இச்சாற்றைச் செய்யலாம். வெல்லத்தை வெந்நீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். கரும்புச் சக்கையும் மணலும் அடியில் தங்கும். நிறம் கருத்து, பாகின் மணம் மேலோங்குவதால் எலுமிச்சையைச் சற்றுக் கூட்ட நேரும். இது வியட்நாமியச் சுவையில் இருந்து விலகியது எனினும் பொரித்த மீனுக்குப் பொருந்துவதே.

கெடாமல் வைத்தல்

மீன்சாறு திறந்த புட்டியிலும் பல மாதங்கள் கெடுவதில்லை. அதன் 100 மில்லிலீட்டரில் பொதுவாக 20 கிராமுக்குக் குறையாத உப்பு இருப்பதே காரணம். அதனைக் கொண்டு செய்த நுவொக் சாமும் அவ்வாறே நிலைக்கும் என்று கருதுவது பிழை. மேற்கூறிய அளவில் கலந்தபின் உப்பு 100 மில்லிலீட்டருக்கு 5 கிராமுக்கும் கீழாகிவிடுகிறது. ஊறுகாயைப் போல் அதனை வெளியில் வைக்க இயலாது. எலுமிச்சையின் புளிப்பு ஓரளவு காப்பளிப்பினும், புதிய பூண்டும் மிளகாயும் சேர்ந்த சாற்றைக் குளிர்பெட்டியில் மூடி வைத்து ஒரு வாரத்திற்குள் பயன்படுத்துவதே தக்கது. சர்க்கரை நீரை மட்டும் முன்னரே செய்துவைத்து, எலுமிச்சை, பூண்டு முதலியவற்றை உண்ணும் வேளையில் சேர்த்தால் மணமும் குறையாது.

ஒத்த சாறுகள்

வியட்நாமிய பௌத்தர் மரக்கறி உண்ணும் நாட்களில் மீன்சாற்றுக்கு மாற்றாகச் சோயாச் சாற்றைக் கொண்டு செய்வர். கடைகளில் சுவீட் சில்லி சாஸ் என விற்கப்படும் கெட்டியான செஞ்சாறு வேறு வகை; அது தாய்லாந்தின் நாம் சிம் காய் என்பதைச் சார்ந்தது. சிவப்பு மிளகாய், பூண்டு, சர்க்கரை, வினிகர் ஆகியவற்றைக் கொதிக்க வைத்து, பெரும்பாலும் மாவு சேர்த்துத் திரளச் செய்வதால் அது நெடுநாள் இருக்கும். தக்காளிச் சாற்றுக்கு வழங்கும் கெட்சப் என்னும் பெயரும், தென்சீனத்து ஒக்கியன் மொழியில் மீன்சாற்றைக் குறித்த சொல்லில் இருந்து வந்ததாகப் பெரும்பாலான சொற்பிறப்பியல் அறிஞர் கருதுகின்றனர்.