சனிக்கிழமைச் சம்பளம்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் பிளஸ் டூ முடித்த பையனுக்கு வீட்டார் காட்டிய வழிகள் கொஞ்சம்தான். பெல் கம்பெனியில் அப்ரண்டிஸ் கிடைத்தால் கல்யாணம் வரைக்கும் கவலை இல்லை. கிடைக்காதவன் பொன்மலை ரயில்வே பணிமனைக்கு மனுப் போடுவான். அதுவும் இல்லையென்றால் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டப் போகலாம். அந்தக் காலத்தில் திருச்சியைச் சுற்றியிருந்த கிராமங்களில் அதுதான் பிழைப்பு. இதில் எதற்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர் ஒருவர் திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். தீபாவளிக்கு வந்தவர் சொன்ன ஒரே வாக்கியம் என்னை இழுத்துக்கொண்டு போனது: "மாசச் சம்பளம் இல்லடா, வாரா வாரம் சனிக்கிழமை கையில காசு."

எங்கள் திருச்சி உறையூர்த் துணி ரோமாபுரி வரை போன காலம் ஒன்று உண்டு. பெரிப்ளஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் 'அர்கரு' மஸ்லின் வருகிறது. அந்த அர்கரு நம் உறையூர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட ஊர்ப் பையன் துணி தைத்துப் பிழைக்க, கரூர், வெள்ளகோவில், காங்கயம் என்று மேற்கே பஸ் ஏற வேண்டியதாயிற்று.

நான் சேர்ந்த பனியன் கம்பெனி ஓட்டுக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. வெளியே இருந்து பார்த்தால் நெல் குடோன் மாதிரி இருக்கும். உள்ளே போனால் காது அடைத்துவிடும். பவர் டேபிளில் வரிசையாக ஓவர்லாக் மிஷின், அந்தப் பக்கம் பேட்லாக், மூலையில் கட்டிங் மேஜை, வாசல் ஓரம் செக்கிங், அயர்னிங். முதல் சில வாரங்கள் எனக்குப் பிசிறு வெட்டும் வேலை. பிறகு மாஸ்டர் புண்ணியத்தில் ஓவர்லாக்கில் உட்கார்ந்தேன்.

வெள்ளைப் பனியனின் ஜாதகம் ரொம்ப எளிது. வட்ட நிட்டிங் மிஷினிலிருந்து துணி குழாயாகவே இறங்கும். உடம்பு அளவுக்கே குழாய் இருப்பதால் பக்கத் தையல் கிடையாது. கழுத்தையும் கையையும் வெட்டி எடுத்து, தோள் இரண்டையும் ஓவர்லாக்கில் சேர்த்து, கழுத்துக்குப் பட்டி வைத்து, அடியை பேட்லாக்கில் மடித்துவிட்டால் பனியன். ஆனால் தோள் சேர்க்கிற அந்த நாலு விரற்கடைத் தையலில்தான் ஆள் யார் என்பது தெரியும். ஓவர்லாக்கில் ஊசிக்குப் பக்கத்திலேயே ஒரு கத்தி இருக்கிறது. தைத்துக்கொண்டே ஓரத்தை அரிந்துகொண்டு போகும். நிட்டிங் துணி இழுத்தால் வரும், விட்டால் சுருங்கும். இழுத்துத் தைத்தவன் பீஸ் தோளில் அலை அலையாக நிற்கும். இழுக்காமல் விட்டவன் பீஸில் கத்தி தையலுக்கு உள்ளே புகுந்து ஓட்டை போடும். இரண்டுமே டேமேஜ் கணக்கு. துணியைப் பிடிக்கவும் கூடாது, விடவும் கூடாது. விரல் சும்மா கூடப் போய்வர வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க யாராலும் முடியாது. ஒருநாள் விரலுக்கே தானாகப் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு பீஸ் ரேட்டில் காசு பார்க்கலாம்.

காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைக்கு ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் அவசரம் என்றால் நடுராத்திரி தாண்டியும் ஓடும். ரேடியோவில் இளையராஜா, அதற்கு மேல் மிஷின் சத்தம், அதற்கும் மேல் எங்கள் சத்தம். பக்கத்து மிஷினில் மதுரைக்காரர், எதிரே திண்டுக்கல், கட்டிங்கில் தாராபுரம். திருச்சிப் பையன்கள் பேசினாலே சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கிறதாம். கொங்குக்காரர்கள் திட்டினாலும் 'ங்' போட்டுத்தான் திட்டுவார்கள். மரியாதையாகத் திட்டு வாங்கும் பாக்கியம் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

முதலாளி என்ற சொல்லுக்கும் அங்கே வேறு உருவம். போன வருஷம் வரை பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்தவர், சீட்டு எடுத்து, நிலத்தை அடகு வைத்து, நாலு மிஷின் போட்டு முதலாளி ஆகியிருப்பார். அவசரத்துக்கு அவரே உட்கார்ந்து அடி மடிப்பார். அடுத்தது நாம்தான் என்று ஒவ்வொரு தையல்காரனும் நம்பியதற்கு இதுவே காரணம். எங்களில் சிலர் ஆகவும் செய்தார்கள். பெரும்பாலோர் ஆகவில்லை. நினைவில் அந்தக் கொட்டகை இனிப்பதால் எல்லாம் சரியாக இருந்தது என்று எழுத மாட்டேன். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் அது. தையல்காரருக்கு எதிரே உட்கார்ந்து பீஸை வாங்கி மடித்து அடுக்கும் கைமடிப் பையன்கள் பலர் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதுக்காரர்கள். எங்களை "அண்ணா, அண்ணா" என்று சுற்றி வருவார்கள். அது எங்களுக்கு அன்று உறுத்தவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் தனி. கவரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்ததும் நடையே மாறிவிடும். மெஸ் பாக்கி, டீக்கடைப் பாக்கி போக மிச்சத்தில் புரோட்டா, செகண்ட் ஷோ. ஞாயிறு காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியன் பொறுக்கி ஊருக்குக் கொண்டுபோனால் மாமா, சித்தப்பா வரைக்கும் பெருமை.

ஊருக்குப் போவதென்றால் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். பல நூறு ஆண்டுகளாக மொட்டையாக நின்ற ஸ்ரீரங்கம் தெற்கு ராஜகோபுரத்தை அகோபில மடம் நாற்பத்து நான்காவது ஜீயர் கட்டி முடிக்க முனைந்திருந்த காலம் அது. தீபாவளிக்குப் பார்த்த உயரம் பொங்கலுக்கு இருக்காது. 13 நிலையும் எழும்பி, 1987 மார்ச் 25-ல் குடமுழுக்கு நடந்தது. அதற்கும் லீவு கேட்டேன். வருஷா வருஷம் வைகுண்ட ஏகாதசிக்கு நான் லீவு கேட்பது கம்பெனியில் ஒரு கூத்து. "ஏனுங் தம்பி, தீவாளிக்குப் போனஸ் வாங்கீட்டுப் போயி இப்பத்தான வந்தீங்க, அதென்னங் ஏகாதசி?" என்பார் சூப்பர்வைசர். கேட்டுக்கு வெளியே மிஷின் கேட்டுப் பத்துப் பேர் நிற்பார்கள், அதையும் காட்டுவார். கடைசியில் கோயில் புளியோதரை கொண்டுவரும் நிபந்தனையில் விடுவார்.

திருப்பூரை வெள்ளையிலிருந்து கலருக்கு மாற்றியது ஏற்றுமதி. எழுபதுகளின் கடைசியில் இத்தாலி வியாபாரி ஒருவர் வந்து வழி திறக்க, எண்பதுகளில் டி-ஷர்ட் ஆர்டர்கள் கொட்டின. உள்ளாடை வெள்ளையாக இருந்தவரை சலவைப்பட்டறை போதும். டி-ஷர்ட்டுக்குச் சாயம் வேண்டும், சாயத்துக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குப் போக இடம் வேண்டும். போன இடம் நொய்யல். இந்த சீசனில் ஐரோப்பாவில் என்ன கலர் என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லலாம் என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். நொய்யல், கொடுமுடியைத் தாண்டி கரூருக்கு முன்னால் காவிரியில் கலக்கிறது. அதே காவிரிதான் முக்கொம்பு வந்து அம்மாமண்டபம் படித்துறையைத் தொடுகிறது. நான் திருப்பூரில் தைத்த துணியின் சாயத்தில் ஒரு துளியாவது எங்கள் பாட்டி முங்கிக் குளித்த தண்ணீரில் இருந்திருக்கும். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறி ஏறி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்பது கட்டளை. அன்று திருப்பூர் செத்தது என்றார்கள். சாகவில்லை. இன்று ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறது.

சமீபத்தில் பழைய கூட்டாளி ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் இப்போது நடுத்தரக் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் பார்க்கிறார். ஓட்டுக் கொட்டகை போய் மூன்று மாடி. கைரேகை வைத்தால்தான் கதவு. கைமடிப் பையன் ஒருவன்கூட இல்லை. வெளிநாட்டு பையர்கள் ஆடிட் என்று ஆள் அனுப்பி வயதுச் சான்று வரை புரட்டுகிறார்கள். மாறியதில் எனக்கு மறுபேச்சில்லாமல் பிடித்தது இதுதான். மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களே அதிகம். ஒருவர் கை மட்டும் ஏற்றுகிறார், ஒருவர் கழுத்து மட்டும். மணிக்கு எத்தனை பீஸ் என்று பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். ரேடியோ இல்லை. ஓவர்லாக்கின் கத்தி மட்டும் அதே இடத்தில், அதே குணத்தோடு இருக்கிறது. விரலுக்கு இன்றும் அதே பாடம்தான்.

கடைப் பலகைகளில் இந்தி. ஸ்டேஷனில் தன்பாத் எக்ஸ்பிரஸ் வந்தால் பாதி பிளாட்பாரம் நகர்கிறது. திருச்சிப் பையன் கண்ணில் படவில்லை. பட்டை தீட்டும் தொழிலும் சீனாவின் மிஷின் கல் வந்த பிறகு தேய்ந்துபோனது. ஆனாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்களே தவிர, பனியன் கம்பெனிக்கு வருவதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் போய்விடுமே என்றுதான் ஊர் பயந்தது; நண்பருக்கு அதோடு இன்னொரு பயம். வேலை இல்லாமல் ஊருக்குப் போகிற பையன், ஆர்டர் வரும்போது திரும்பி வர மாட்டான்.

நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒடிசாப் பையன் ஒருவன் உள்ளே வந்தான். பூரி ரத யாத்திரைக்கு லீவு வேண்டுமாம். "இப்பத்தானடா ஹோலிக்குப் போய்ட்டு வந்தே, அதென்ன ரதம்?" என்றார் நண்பர். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வெளியே காட்டுவதற்கு நண்பரிடம் பத்துப் பேர் இல்லை. அதனால், "சரி, போ. ஆனா ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டிட்டுப் போ" என்றார்.

பையன் போனை நீட்டினான். "எடுத்தாச்சு அண்ணா. வெயிட்டிங் லிஸ்ட், நூத்தி இருபது."