கண்ணாடிக்குள் ஒரு கோவில்

ஆவுடையார்கோவிலுக்குப் போனவர்கள் அண்ணாந்து பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். மரச்சட்டத்தில் கம்பி வைத்து ஆணி அடித்தாற்போலத் தோன்றும் அந்தக் கொடுங்கை முழுவதும் கல்! 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதித்தான் அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலையை ஒப்புக்கொண்டார்கள் என்பது செவிவழிச் செய்தி.

அதில் ஒரு மூலை உடைந்தால், பழைய வடிவத்தை யாரிடம் போய்க் கேட்பது?

பாரிஸ் நகரத்து நோத்ர தாம் மாதா கோவிலில் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்துக் கூரை விழுந்தது. நல்லவேளை! ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010-லேயே அதை லேசர் கருவியால் அளந்து வைத்திருந்தார். ஒளி சுவரில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும் கருவி அது. நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள்! புதுப்பித்தவர்களுக்கு அவை கைகொடுத்தன. 2024 டிசம்பரில் கோவில் மீண்டும் திறந்தது.

இத்தகைய அளவுகளால் கம்ப்யூட்டரில் மாதிரி அமைத்து, மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டால், கட்டடத்துக்குள்ளேயே நடப்பது போலிருக்கும். 'மெட்டா குவெஸ்ட் 3' போன்ற கண்ணாடிகள் தாமே அறையை அளந்துவிடுகின்றன. நம் வீட்டைப் புதுப்பிக்குமுன் அலமாரி எங்கே, சோபா எங்கே என்று பார்க்க அது போதும். கொடுங்கையின் நுணுக்கத்துக்குப் போதாது. அதற்கு லேசர் கருவிதான் வேண்டும்.

கண்ணாடி உளி பிடிக்காது. ஆனால் உளி பிடிப்பவருக்குப் பழைய வடிவத்தைக் காட்டும். உடைந்த பிறகு அளக்க முடியாதே. முழுதாக இருக்கும்போதே அளந்து வைக்க வேண்டாமா?